சண்டைப் படங்களில் தப்பு கண்டுபிடிப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டு ஹாலில் ஏதாவது ஒரு பழைய ஹாலிவுட் சண்டைப் படம் ஓடும். அக்கா பிள்ளைகள், எதிர்வீட்டு அண்ணன், எப்போதாவது என் அலுவலக நண்பர்கள் என்று ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிடுவோம். படம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் யாராவது ஒருவர் ரிமோட்டைப் பிடுங்கி நிறுத்துவார். "இப்பதானே கண்ணாடி உடைஞ்சுது, அதுக்குள்ள எப்படி முழுசா இருக்கு?" என்பார். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, தெரிந்த பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். எல்லாமே பழைய படங்கள். ஆனாலும் இன்னும் பார்க்காதவர்களுக்குச் சில திருப்பங்கள் உடைந்துபோகும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கன்டினியூட்டி மிஸ்டேக்னா என்ன? படத்துல வர்ற எல்லாத் தப்பும் அதுதானா?

இல்லை. ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டில் மாறிப்போனால் மட்டும்தான் அது கன்டினியூட்டி பிழை. 'டெர்மினேட்டர் 2' (1991) படத்தில் வறண்ட கால்வாய்க்குள் ஒரு லாரி மேலிருந்து குதிக்கும். விழுந்த வேகத்தில் முன்கண்ணாடிகள் பெயர்ந்து விழும். பையனை விரட்டும் அடுத்த ஷாட்டில் கண்ணாடி பத்திரமாக இருக்கும். இது சுத்தமான கன்டினியூட்டி மிஸ்டேக்.

'கிளாடியேட்டர்' (2000) படத்தில் கொலோசியத்துக்குள் ஒரு தேர் கவிழும்போது, பின்பக்கம் ஒரு சிலிண்டர் தெரியும். ரோமானியர் காலத்தில் சிலிண்டர் ஏது? அது படப்பிடிப்புச் சாமான் கண்ணில் பட்டுவிட்ட வகை. 'டை ஹார்ட் 2' (1990) கதை வாஷிங்டன் விமான நிலையத்தில் நடக்கிறது. ஆனால் அங்கே இருக்கும் பொதுத் தொலைபேசியில் கலிபோர்னியா கம்பெனியான பசிபிக் பெல்லின் பெயர் இருக்கும். அது இடம் காட்டிக்கொடுத்த வகை. 1936-ல் நடக்கும் 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' (1981) படத்தின் வரைபடத்தில் தாய்லாந்து என்ற பெயர் வருவது காலப்பிழை. அந்த நாடு 1939 வரை சயாம்தான். கதையே இடிப்பது வேறு, அதுதான் நாம் 'லாஜிக் ஓட்டை' என்று திட்டுவது.

கோடிக்கணக்குல கொட்டி எடுக்கறாங்க. இதைப் பாக்க ஒருத்தர்கூடவா இல்ல?

இருக்கிறார். ஹாலிவுட்டில் அவருக்கு ஸ்கிரிப்ட் சூப்பர்வைசர் என்று பெயர். நம் ஊர்ப் படப்பிடிப்பில் இந்த வேலை பெரும்பாலும் ஓர் உதவி இயக்குநர் தலையில் விழும். நடிகர் எந்தக் கையால் கிளாஸைத் தூக்கினார், எந்த வார்த்தை சொல்லும்போது தூக்கினார், சட்டையில் எத்தனை பட்டன் திறந்திருந்தது, ரத்தக்கறை எதுவரை இருந்தது என்று ஒவ்வொரு டேக்குக்கும், அதாவது ஒரே ஷாட்டை ஒவ்வொரு முறை எடுக்கும்போதும், எழுதிவைக்க வேண்டும். முன்பெல்லாம் பொலராய்டு படம் எடுத்து ஒட்டிவைப்பார்கள், இப்போது டேப்லெட்.

இந்தக் கவனம் எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு 'தி மேட்ரிக்ஸ்' (1999) ஓர் உதாரணம். ஒரு காட்சியில் பளபளப்பான கதவுக் குமிழ் நெருக்கத்தில் வரும். கேமரா அதில் பிரதிபலிக்காமல் இருக்காது. அதனால் கேமராவின் மேல் கோட்டைப் போர்த்தி, மார்ஃபியஸ் என்ற பாத்திரம் போட்டிருக்கும் டையோடு சேர்வது போல ஒரு டையையும் தொங்கவிட்டார்கள். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும். நமக்குத் தெரியும் தப்புகளைவிட இப்படி மறைக்கப்பட்டவை பல மடங்கு அதிகம்.

அப்ப சண்டைப் படத்துல மட்டும் ஏன் இவ்ளோ தப்பு?

இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் காட்சியை ஒரே நாளில், ஒரே இடத்தில் எடுத்துவிடலாம். கார் துரத்தலை அப்படி எடுக்க முடியாது. முகம் தெரியும் ஷாட்டுகளை முதன்மை யூனிட் எடுக்கும். கார் பறப்பதையும் மோதுவதையும் டூப்களை வைத்து இரண்டாவது யூனிட் வேறொரு நாளில், பல சமயம் வேறொரு ஊரில் எடுக்கும். ஒரே காரைப் போல மூன்று நான்கு கார்கள் நிற்கும். எது எப்போது எந்தப் பக்கம் நசுங்கியது என்று கணக்கு வைப்பதே தனி வேலை.

வசனம் தப்பினால் இன்னொரு டேக் போகலாம். நொறுங்கிய காருக்கு இன்னொரு டேக் என்றால் இன்னொரு கார். தயாரிப்பாளர் சரி என்பாரா?

ஒரு வகைத் தப்பு மட்டும் ஒத்திகையாலேயே வருவது. 'நார்த் பை நார்த்வெஸ்ட்' (1959) படத்தில், மவுண்ட் ரஷ்மோர் உணவகத்தில் கதாநாயகி துப்பாக்கியை நீட்டுவதற்கு முன்பே பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு பையன் இரண்டு காதையும் பொத்திக்கொள்வான். பாவம், எத்தனை தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டானோ.

'கமாண்டோ'ல அந்த மஞ்சள் கார் எப்படிங்க தானா சரியாச்சு?

எங்கள் ஹாலில் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். 1985-ல் வந்த படம். துரத்தலின் முடிவில் மஞ்சள் போர்ஷே பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு பக்கம் நன்றாக அடிவாங்கிக் கிடக்கும். அர்னால்ட் வில்லனை மலையிலிருந்து போட்டுவிட்டு வந்து, காரை நிமிர்த்தி, ஓட்டிக்கொண்டு போவார். போகும்போது கீறல்கூட இருக்காது, ஷோரூமில் இருந்து எடுத்துவந்த மாதிரி இருக்கும்.

இதில் பெரிய மர்மம் இல்லை. நசுங்கிய காரும் நல்ல காரும் வேறு வேறு. அதே படத்தின் கடைசிச் சண்டையில் குண்டு வெடித்துப் பறக்கும் வீரர்களையும் உற்றுப் பாருங்கள். சிலர் பொம்மைகள், நட்டுவைத்த இடத்திலேயே அசையாமல் நின்று வெடிப்பார்கள். அந்தப் படத்துக்கு இதையெல்லாம் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அது அந்த வேகத்தில் ஓட வேண்டிய படம்.

எடிட்டருக்குக் கண்ணு தெரியாதா? அவர் டேபிள்லயாவது பிடிச்சிருக்கலாமே?

பெரும்பாலும் அவருக்குத் தெரியும், தெரிந்தேதான் வைக்கிறார். இதை நான் சொன்னால் யாரும் ஒத்துக்கொள்வதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

'புல்லிட்' (1968) படத்தில் சான் பிரான்சிஸ்கோ மேடு பள்ளங்களில் ஸ்டீவ் மெக்குயீனின் பச்சை மஸ்டாங்கும் வில்லன்களின் கறுப்பு டாட்ஜ் சார்ஜரும் ஏறத்தாழ 11 நிமிடம் விரட்டிக்கொள்ளும். அந்த 11 நிமிடத்தில் ஒரே பச்சை நிற ஃபோக்ஸ்வாகன் பீட்டிலை அவர்கள் திரும்பத் திரும்ப முந்துவார்கள். சார்ஜரின் சக்கர மூடிகள் ஒவ்வொன்றாகக் கழன்று உருளும். எண்ணிப் பாருங்கள், நான்கு சக்கரக் காரிலிருந்து நான்குக்கு மேல் விழும். சான் பிரான்சிஸ்கோக்காரர்களுக்கு இன்னொரு சிரிப்பும் உண்டு. இந்தத் தெருவில் திரும்பினால் அந்தத் தெரு வரவே வராது. காரணம் எளிது. ஒரே ஓட்டத்தைப் பல கேமராக்கள் பல கோணத்தில் எடுத்தன. எடிட்டர் ஃபிராங்க் கெல்லர் அவற்றைத் தனித்தனிச் சம்பவங்கள் போல அடுக்கிவிட்டார். அந்தப் படத்துக்குத்தான் அவருக்குச் சிறந்த படத்தொகுப்புக்கான ஆஸ்கர் கிடைத்தது.

'அபோகலிப்ஸ் நவ்' படத்தொகுப்பாளர்களில் ஒருவரான வால்டர் மர்ச், ஒரு ஷாட்டிலிருந்து அடுத்த ஷாட்டுக்கு மாறும் வெட்டை எங்கே போடுவது என்று முடிவு செய்ய ஒரு மதிப்பெண் பட்டியலே போட்டிருக்கிறார். உணர்ச்சிக்கு 51, கதைக்கு 23, தாளத்துக்கு 10, பார்ப்பவர் கண் எங்கே இருக்கிறது என்பதற்கு 7, தட்டையான திரையில் உருவங்கள் அமையும் விதத்துக்கு 5. யார் எங்கே நிற்கிறார், எது எங்கே இருக்கிறது என்ற இடத்தொடர்ச்சிக்குக் கடைசியாக 4. மூடி கழன்ற கணக்கைச் சரிபார்த்தால் 4 மதிப்பெண் வரும், வேகம் போனால் உணர்ச்சியும் தாளமும் சேர்ந்து 61 போகும். கெல்லர் எதை எடுப்பார்?

'டை ஹார்ட்'ல அந்த ஆம்புலன்ஸ் எங்க இருந்து வந்துச்சு?

எனக்குப் பிடித்த கேள்வி. 1988-ல் வந்த படம். தொடக்கத்தில் வில்லன்கள் ஒரு லாரியின் பின்பக்கத்தில் ஒளிந்து கட்டடத்துக்குள் வருவார்கள். கதவு திறக்கும், ஆட்கள் இறங்குவார்கள், உள்ளே வேறொன்றும் இருக்காது. கடைசியில் தப்பிப்பதற்கு அதே லாரிக்குள்ளிருந்து ஒரு ஆம்புலன்ஸை இறக்குவார்கள். கீழே காத்திருக்கும் லிமோசின் டிரைவர் அதில் மோதி நிறுத்துவார்.

நடந்தது இதுதான். படப்பிடிப்பு தொடங்கும்போது முடிவு இன்னும் எழுதி முடிக்கப்படவில்லை. ஆம்புலன்ஸ் யோசனை நடுவில் வந்தது. லாரியிலிருந்து ஆட்கள் இறங்கும் காட்சியை அதற்கு முன்பே எடுத்தாயிற்று.

இதோடு நிற்கவில்லை. வில்லன்கள் லாரியிலிருந்து இறங்கும்போது எல்லோரும் ஒன்றாகக் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளும் காட்சி ஒன்று எடுத்திருந்தார்கள். அத்தனை பேரும் ஒரே மாதிரிக் கடிகாரம். செத்த வில்லன்கள் கையில் ஹீரோ அதைக் கவனித்துக்கொண்டே வருவார். வில்லன் தலைவன் தன்னைப் பணயக்கைதி என்று சொல்லி நடிக்கும்போது, அவன் கையிலும் அதே கடிகாரம் இருப்பதைப் பார்த்துத்தான் ஹீரோ உஷாராகிக் குண்டில்லாத துப்பாக்கியைக் கொடுப்பார். ஆனால் கடிகாரக் காட்சியில் ஆம்புலன்ஸ் இல்லாத லாரியின் உட்பக்கம் அப்பட்டமாகத் தெரிந்தது. அதனால் வெட்டிவிட்டார்கள். திரைக்கதை ஆசிரியர்களில் ஒருவரான ஸ்டீவன் டி சூசா இதைச் சொல்லியிருக்கிறார். ஆம்புலன்ஸ் ஓட்டையும் முழுசாக அடைபடவில்லை. "ஹீரோவுக்கு எப்படிச் சந்தேகம் வந்தது?" என்ற புது ஓட்டையும் திறந்துகொண்டது. இத்தனை வருடமாக ரசிகர்கள் அந்தக் காட்சிக்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஜேம்ஸ் பாண்ட் கார் சந்துக்குள்ள ஒரு பக்கமா சாஞ்சு போய் இன்னொரு பக்கமா சாஞ்சு வருதே, அது வேணும்னே எடுத்ததா?

'டைமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' (1971). ஃபோர்டு மஸ்டாங் குறுகிய சந்துக்குள் வலப்பக்கச் சக்கரங்களில் நுழைந்து இடப்பக்கச் சக்கரங்களில் வெளியே வரும். வேண்டுமென்று எடுத்ததல்ல. நுழைவதை ஓரிடத்திலும் வெளிவருவதை லாஸ் வேகஸிலும் வெவ்வேறு சமயத்தில் எடுத்தார்கள், சாய்வு மாறிப்போனது. அப்புறம் என்ன செய்வது? உள்ளே உட்கார்ந்திருக்கும் பாண்டும் பக்கத்துப் பெண்ணும் நடுவழியில் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் சாய்வது போல ஒரு ஷாட் எடுத்து நடுவில் செருகினார்கள். அவ்வளவு குறுகிய சந்தில் கார் எப்படிப் புரளும் என்று கேட்காதீர்கள். சும்மா விட்டிருந்தால் பாதிப் பேர் கவனித்திருக்கவே மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

'ஸ்பீட்' பஸ் அந்தப் பாலத்தைத் தாண்டினது நிஜமா?

பஸ் பறந்தது நிஜம், பள்ளம் பொய். 1994 படம். லாஸ் ஏஞ்சலஸில் அப்போது கட்டி முடிக்கும் நிலையில் இருந்த நெடுஞ்சாலை ஒன்றில் எடுத்தார்கள். சாலை முழுசாகவே இருந்தது. ஒரு சாய்தளம் வைத்து பஸ்ஸைத் தாவவிட்டு, பிறகு கணினியில் சாலையை அழித்துப் பள்ளம் போட்டார்கள்.

கதைப்படி இடைவெளி 50 அடி. மணிக்கு 70 மைல் வேகம் என்று வைத்துக்கொண்டால், அதைக் கடக்கக் கிட்டத்தட்ட அரை விநாடி ஆகும். அந்த அரை விநாடியில் எந்தப் பொருளும் ஒரு மீட்டருக்கு மேல் கீழே இறங்கிவிடும். சமமான சாலை என்றால் பஸ்ஸின் மூக்கு எதிர்ப்பக்கச் சுவரில் போய் முட்டும். படத்திலோ பஸ் தலையைத் தூக்கிக்கொண்டு எழும்பும். அது அந்தச் சாய்தளத்தின் புண்ணியம்.

துப்பாக்கில குண்டே தீராதா இவங்களுக்கு?

தீரும், அதுவும் நீங்கள் நினைப்பதைவிட வேகமாக. 'டை ஹார்ட்' வில்லன்கள் வைத்திருக்கும் எம்பி5 வகைத் துப்பாக்கியில் ஒரு மேகசினுக்கு, அதாவது குண்டு அடுக்கும் பெட்டிக்கு, 30 குண்டு. நிமிடத்துக்குச் சுமார் 800 என்ற வேகத்தில் சுடும். விசையை விடாமல் அழுத்தினால் இரண்டேகால் விநாடியில் காலி.

அந்த ஃப்ளைட் ஓடுபாதை முடியவே முடியாதா?

'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ் 6' (2013) கிளைமாக்ஸைத்தான் கேட்கிறீர்கள். பதிமூன்று நிமிடம் போல விமானம் ஓடிக்கொண்டே இருக்கும். பிபிசி கணக்குப் போட்டுப் பார்த்ததில் ஓடுபாதை 18 மைலுக்கு மேல், அதாவது கிட்டத்தட்ட 29 கிலோமீட்டர் இருந்தாக வேண்டும். உலகின் நீளமான ஓடுபாதைகளே ஐந்தரை கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை.

ஆனால் முழுக் குற்றமும் அவர்கள் மேல் இல்லை. விமானத்துக்குள் ஒரு சண்டை, இறக்கையில் ஒன்று, கீழே காரில் ஒன்று, எல்லாம் ஒரே சமயத்தில் நடக்கின்றன. திரையில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் காட்ட முடியும். அப்படிப் பார்த்தாலும் நீளம்தான், சரி.

இப்பத்தான் கம்ப்யூட்டர் இருக்கே, பழைய தப்பையெல்லாம் திருத்திடலாமே?

சிலர் திருத்தினார்கள். 'ரெய்டர்ஸ்' படத்தில் ஹாரிசன் ஃபோர்டு பாம்புக் குழிக்குள் விழுந்து நாகத்தை நேருக்கு நேர் பார்ப்பார். இருவருக்கும் நடுவில் ஒரு கண்ணாடி இருந்தது, அதில் பாம்பின் பிம்பம் தெரியும். 2003 டிவிடியில் அந்தப் பிம்பத்தைத் துடைத்துவிட்டார்கள்.

'ஸ்டார் வார்ஸ்' (1977) செய்தது நேரெதிர். வெள்ளைக் கவச வீரர்களில் ஒருவர் அறைக்குள் நுழையும்போது கதவில் தலையை இடித்துக்கொள்வார், அந்த டேக்கே படத்தில் இருக்கிறது. பின்னாளில் வந்த டிவிடியில் அதை நீக்கவில்லை, 'டொங்' என்று ஒரு சத்தத்தைச் சேர்த்தார்கள். எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். நாகத்தின் பிம்பம் போனதில் எனக்கு லேசான வருத்தம்கூட உண்டு.

எல்லாப் படத்துலயும் ஒரே ஆள்தான் கத்தறானா?

காது கூர்மைதான். அது 'வில்ஹெல்ம் அலறல்'. 1951-ல் ஒரு படத்தில் முதலை கடித்துச் சாகும் ஆளுக்காகப் பதிவு செய்தது. 1953-ல் வேறொரு படத்தில் அம்பு பட்ட வில்ஹெல்ம் என்ற வீரனுக்குப் பயன்பட்டதால் அந்தப் பெயர். ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் அதைத் தேடிப் பிடித்து 'ஸ்டார் வார்ஸ்'ஸில் வைத்தார். அதன்பிறகு அது தொழில்காரர்களுக்குள் ஒரு கண்சிமிட்டலாகிவிட்டது. இது தப்பில்லை, வேண்டுமென்றே செய்வது.

ஹீரோவுக்கு நிஜமாவே அடிபட்ட ஷாட்டை அப்படியே வெச்சாங்கன்னு சொல்றாங்களே?

சில உண்மை. 'மிஷன் இம்பாசிபிள்: ஃபால்அவுட்' (2018) படத்துக்காக லண்டனில் கட்டடம் விட்டுக் கட்டடம் தாவியபோது டாம் குரூஸின் கணுக்கால் முறிந்தது. முறிந்த அந்தத் தாவலும், அவர் நொண்டிக்கொண்டு ஓடுவதும் படத்தில் இருக்கின்றன. 'தி ஃப்யூஜிட்டிவ்' (1993) எடுக்கும்போது ஹாரிசன் ஃபோர்டுக்குக் காலில் தசைநார் கிழிந்தது. படம் முடியட்டும் என்று அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டார். அவர் நொண்டுவது நடிப்பல்ல. 'ரெய்டர்ஸ்' படத்தில் வாள் சுழற்றும் ஆளை ஃபோர்டு சலிப்போடு சுட்டுத் தள்ளுவாரே, அங்கே பெரிய வாள் சண்டை ஒன்று எடுப்பதாக இருந்தது. துனிசியாவில் அவருக்கு வயிற்றுப்போக்கு, நிற்கவே முடியவில்லை. அந்தப் படத்தில் எல்லோரும் கைதட்டும் இடமே அதுதான்.

புரூஸ் வில்லிஸுக்கு நடந்தது சிரிக்க முடியாதது. முதல் 'டை ஹார்ட்' படப்பிடிப்பில் துப்பாக்கி வெடித்த சத்தத்தில் இடது காதின் கேட்கும் திறனில் பெரும்பகுதி போய்விட்டதாக அவரே சொல்லியிருக்கிறார்.

'பென்ஹர்' தேர் பந்தயத்துல சிவப்பு காரு தெரியுமாமே? ஒருத்தர் செத்தே போயிட்டாராமே?

இரண்டும் கதை. 1959-ல் வந்த படத்தில் சிவப்பு காரை இதுவரை யாரும் ஷாட்டோடு காட்டியதில்லை, எல்லோரும் யாரோ பார்த்ததாகத்தான் சொல்கிறார்கள். அந்தப் பந்தயத்தில் உயிர்ச்சேதமும் இல்லை. ஆனால் ஒரு நிஜ விபத்து உண்டு. சார்ல்டன் ஹெஸ்டனுக்கு டூப் போட்ட ஜோ கனட், தேர் துள்ளியபோது முன்பக்கமாகத் தூக்கி எறியப்பட்டு, எப்படியோ பிடித்துக்கொண்டு தப்பினார். தாடையில் காயம். அந்த ஷாட்டைத்தான் நீங்கள் படத்தில் பார்க்கிறீர்கள்.

'கோல்ட்ஃபிங்கர்' (1964) படத்தில் உடம்பெல்லாம் தங்கப்பூச்சு பூசிய நடிகை மூச்சு முட்டி இறந்துவிட்டார் என்பதும் இதே ரகம். ஷெர்லி ஈட்டன் அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார்.

நானே ஒரு தப்பு கண்டுபிடிச்சேன். ஃப்ரேமுக்கு மேல மைக் தொங்குது! யாருமே எழுதலையே?

முதலில் எந்தப் பிரதியில் பார்த்தீர்கள் என்று பாருங்கள். பழைய படங்கள் பலவற்றை, திரையரங்கில் காட்டப்போவதைவிட உயரமான ஃப்ரேமில் எடுத்தார்கள். திரையரங்கில் மேலும் கீழும் மறைத்து அகலமாகக் காட்டுவார்கள். டிவி சதுரப் பெட்டியாக இருந்த காலத்தில், திரையை நிரப்புவதற்காக மறைப்பை எடுத்துவிட்டு முழு ஃப்ரேமையும் காட்டினார்கள். அப்போது ஒளிந்திருந்த மைக், கேமரா ஓடும் தண்டவாளம், செட்டின் மேல்விளிம்பு எல்லாம் வெளியே வந்துவிடும். இயக்குநர் காட்டாத இடத்தைப் பார்த்துவிட்டு அவரைத் திட்டக்கூடாது.

சானலில் பார்த்திருந்தால் இன்னொரு சந்தேகமும் வேண்டும். விளம்பரத்துக்கு இடம் பண்ண நாலு ஷாட்டைத் தூக்கியிருப்பார்கள், தணிக்கையில் ரத்தம் தெரியும் இரண்டு ஷாட் போயிருக்கும். வில்லன் கையிலிருந்த கத்தி ஹீரோ கைக்கு எப்படி வந்தது என்று போன மாதம் எதிர்வீட்டு அண்ணன் ஒரு மணி நேரம் வாதாடினார். டிவிடியைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்தோம். கத்தியைப் பிடுங்கும் ஷாட் அதில் பத்திரமாக இருந்தது.